அசையாதே என்றனர்!

தோழனே!

ஆலைத் தொழிலாளரும் அவர்தம் இல்லத்துப் பெண்டிரும் கூடியிருக்கும் ஒரு மண்டபம். நகரம் பெர்லின். பகுதி மோவாபிட். காலம், 1932ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களின் கடைசி. நாடகம் காண வந்திருக்கிறார்கள். நாடகமும் வந்திருக்கிறது. கூடவே போலீசும் வந்திருக்கிறது!

மண்டபம் நாடகத்துக்கு ஏற்ற கட்டடமன்று, தீப்பிடித்தால் என்ன ஆவது என்கிறது அதிகாரம். ஆகா, எத்துணைக் கருணை! வேலையின்றி வாடியபோது வராத கருணை, வாடகை கொடுக்க வகையின்றி வீதிக்கு வந்தபோது எட்டிப் பாராத கருணை, நாடகம் காண உட்கார்ந்ததும் ஓடோடி வருகிறது! சரி, காட்சி அமைப்பு வேண்டாம், அது இல்லாமலே நடிக்கிறோம் என்கின்றனர் நடிகர்கள். வேடம் புனையவும் கூடாது என்று வருகிறது அடுத்த ஆணை. வேடமும் வேண்டாம் என்று களைந்து வைக்கின்றனர். நடிக்கவும் கூடாது, நடமாடவும் கூடாது, அசையவும் கூடாது! இறுதியில் நடிகர்கள் உட்கார்ந்துவிட்டனர். உட்கார்ந்தபடி, நாடகத்தின் சொற்களை மட்டும் படித்தனர். அப்படிப் படித்ததற்கும் இடையிடையே குறுக்கீடு!

படுதா போயிற்று, உடை போயிற்று, கையசைவு போயிற்று. எஞ்சியது சொல் ஒன்றுதான். அந்தச் சொல்லையும் கண்டு அஞ்சியது, ஆயுதம் தாங்கிய ஓர் அரசு.

அப்படி அச்சமூட்டிய நாடகம் எது? ஒரு புதினம், தோழனே! பழைய புதினம். ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக்கு முன்பே அச்சாகி, பல மொழிகளிலே பரவி, நூலகங்களிலே வைக்கப்பட்டு, படித்தவர் பலர் பார்த்துப் பழகிவிட்ட புதினம். மக்சீம் கார்க்கியின் 'தாய்'. தொ. மு. சி. ரகுநாதன் தமிழாக்கத்தில் நம்மவர் பலர் படித்த நூல். கலைஞர் அதனைக் கவிதை வடிவிலே 'தாய் காவியம்' என்று தமிழுக்குத் தந்ததும் உனக்குத் தெரியும்.

நூலாக இருந்தவரை பெர்லின் போலீசு அதன் பக்கம் லத்தியுடன் போகவில்லை. மேடையேறியதும் ஓடி வந்தது. ஏன் என்ற கேள்வியை இன்று உன்னோடு அமர்ந்து ஆராய விரும்புகிறேன். அதற்குக் காரணம் உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்கிறேன். அதிலே என் வெட்கமும் கொஞ்சம் கலந்திருக்கிறது.

முதலில் அந்தத் தாயின் பிறப்பைக் கேள்.

உருசிய நாட்டிலே நிழ்னி நொவ்கொரோது நகரை அடுத்த சோர்மவோ, ஆலைத் தொழிலாளர் வாழும் ஊர். 1902ஆம் ஆண்டு மே முதல் நாள் அங்கே ஊர்வலம். கொடியேந்தி முன்னே நடந்தவன் பியோத்தர் சாலமோவ் என்ற தொழிலாளி. பிடித்தனர், கூண்டிலேற்றினர், சைபீரியாவுக்கு அனுப்பினர். அவனைப் பெற்றவள் ஆன்னா சாலமோவா. அந்த மகனையும் தாயையும் மனத்திலே வைத்துத்தான் கார்க்கி தம் புதினத்தை எழுதினார். 1906இல், நாடு கடந்து அமெரிக்காவிலே தங்கியிருந்த நேரத்திலே எழுதினார். சார் மன்னனின் தணிக்கையாளர் உருசியாவில் அதனை வெட்டிச் சிதைத்தனர். முழுமையான உருசிய மூலம் 1907இல் எங்கே அச்சாயிற்று தெரியுமா? அதே பெர்லினில்! எந்த நகரம் அந்தத் தாய்க்கு அச்சிலே உயிர் தந்ததோ, அந்த நகரமே 25 ஆண்டுக்குப் பின் அவள் வாயைப் பொத்த முனைந்தது.

கதை உனக்குத் தெரிந்ததே. குடிகாரக் கணவனிடம் அடிபட்டு அடிபட்டு அச்சமே உருவாகிப்போன பெலகேயா என்ற பெண். கணவன் மாண்டபின் மகன் பாவெல் குடியிலே விழாமல் நூலிலே விழுகிறான். வீட்டுக்கு யார் யாரோ வருகிறார்கள். மெல்லிய குரலிலே பேசுகிறார்கள். அவளுக்குக் கிலி. பிறகு ஐயம். பிறகு மெல்ல மெல்ல ஒரு தெளிவு. ஆலைக்குள் சோறு விற்கச் செல்லும் சாக்கிலே துண்டறிக்கைகளை மறைத்துக் கொண்டு போகிறாள். மகன் நீதிமன்றத்தில் ஆற்றிய உரையை அச்சிட்டுப் பெட்டியிலே அடைத்து எடுத்துச் செல்லும்போது, இரயில் நிலையத்திலே பிடிபடுகிறாள். அங்கே முடிகிறது புதினம்.

இதனை மேடைக்குக் கொண்டுவர முற்பட்டவர் பெர்டோல்ட் பிரெக்ட். அன்று வயது 33. முன்னரே குந்தர் ஸ்டார்க், குந்தர் வைசன்போர்ன் ஆகிய இருவர் அப்புதினத்தை நாடகமாக்கி வைத்திருந்தனர். அதை எடுத்து, உடைத்து, புதிதாக வார்த்தார் பிரெக்ட். இசை ஹான்ஸ் ஐஸ்லர். காட்சி அமைப்பு காஸ்பர் நேகர். தாயாக நடித்தவர் ஹெலெனே வைகெல், பிரெக்ட்டின் வாழ்க்கைத் துணைவி, வயது 31! மகனாக எர்ன்ஸ்ட் புஷ். பணிப்பெண் வேடத்திலே மார்கரெட் ஸ்டெஃபின், தொழிலாளர் குடும்பத்திலே பிறந்த பெண், நுரையீரலிலே காசநோய். 1932 ஜனவரியில், ரோசா லக்சம்பர்க் கொலையுண்ட நாளை ஒட்டி, நாடகம் அரங்கேறிற்று.

நாடகம் எழுதும் தோழர்களுக்கு இங்கே ஒரு சொல். புதினத்தை நாடகமாக்குவது என்றால் நம்மவரிலே பலர் என்ன செய்கிறோம்? நூலைப் பிரித்து வைத்துக்கொண்டு, உரையாடல் வரும் இடமெல்லாம் கோடு போட்டு, கோடு போட்ட இடங்களைக் கோத்து, இடையிலே இரண்டு பாட்டையும் ஒரு நகைச்சுவைக் காட்சியையும் செருகி, நாடகம் ஆயிற்று என்கிறோம். ஆகாது, தோழனே! புதினம் படிப்பவன் தனியே இருக்கிறான். ஒரு பக்கத்தை இருமுறை படிக்கலாம். மூடி வைத்துவிட்டு மாடத்தைப் பார்த்து எண்ணமிடலாம். பாத்திரத்தின் உள்ளத்திலே ஓடுவதை ஆசிரியர் அவன் காதோடு சொல்கிறார். நாடகம் காண்பவனுக்கு இந்த வசதி எதுவும் இல்லை. அவன் கண்ணெதிரே நிகழ்கிறது, நிகழ்ந்து போய்விடுகிறது. உள்ளத்திலே ஓடுவதை எப்படிக் காட்டுவது?

பிரெக்ட் கண்ட வழி எளிது. பாத்திரமே அவையோரை நோக்கிப் பேசட்டும் என்றார். நமக்கு இது புதிதா? கூத்திலே கட்டியங்காரன் வந்து நிற்பதும், வேடதாரி தானே தன்னை இன்னார் என்று அறிவிப்பதும் நம் பாட்டன் கண்ட காட்சிகள்! பெர்லின் அறிஞர்கள் அதனை ஏதோ விந்தை போல வியந்தனர். நமது களரியிலே விடிய விடிய நடந்த வேலை அது.

முதற்காட்சியில் தாய் நிற்கிறாள். மகனுக்கு வைத்த கஞ்சி தண்ணீராக இருக்கிறது. கூலியைக் குறைத்துவிட்டார்கள். கஞ்சியிலே போட ஒன்றுமில்லை. இதனை அவள் அழுது அரற்றிச் சொல்லவில்லை. கணக்குச் சொல்வதுபோலச் சொல்கிறாள். எதிரே அமர்ந்திருப்பவள் யார்? 1932இன் பெர்லின் பெண். அந்த ஆண்டின் தொடக்கத்திலே ஜெர்மன் நாட்டில் வேலையற்றோர் தொகை 60 இலட்சம். அவள் வீட்டு அடுப்பிலும் அதே கஞ்சி! உருசியத் தாயின் பானையிலே அவள் தன் முகத்தைக் கண்டாள். நூலகத்திலே இருந்த 'தாய்' உருசியாக்காரி. மேடைக்கு வந்த தாய் அடுத்த வீட்டுக்காரி. போலீசு ஓடி வந்ததன் பொருள் இப்போது விளங்குகிறதா?

அதோடு நிற்கவில்லை அவர். புதினம் முடிந்த இடத்திலே நாடகத்தை முடிக்க அவர் மறுத்தார். கார்க்கி எழுதியது 1906இல். 1917இலே நடக்கப்போவதை அவர் அறியார். பிரெக்ட் அறிவார். ஆகவே கதையை நீட்டினார். மகன் சுட்டுக் கொல்லப்படுகிறான், தாய் நடக்கிறாள். உலகப் போர் வருகிறது, தாய் நடக்கிறாள். 1917 வருகிறது, செங்கொடியோடு நடக்கிறாள். நடுவிலே ஒரு காட்சி. நாடகம் எழுதும் ஒவ்வொருவரும் அதை மனத்திலே குறித்துக்கொள்ள வேண்டும். போருக்காக வீட்டிலிருக்கும் செம்புப் பாத்திரங்களைக் கொடுக்கச் சொல்கிறது சர்க்கார். பெண்கள் வரிசையிலே நிற்கிறார்கள். தாயும் ஒரு சின்னஞ்சிறு பாத்திரத்தோடு வரிசையிலே நிற்கிறாள். போரை எதிர்த்து அவள் முழங்கவில்லை. போரை ஆதரிப்பவள்போலவே பேசுகிறாள்! செம்பு நிறையக் கொடுத்தால் போர் நீளுமே என்ற பாணியிலே, அவர்கள் சொல்லும் நியாயத்தையே எடுத்து இழுத்து நீட்டி, அதன் அசட்டுத்தனம் தானாகத் தெரியும் வரை பேசுகிறாள். நாம் பத்து மேடைகளிலே தொண்டை வறளக் கத்தியும் ஏறாத கருத்து, அங்கே ஒரு சிறு பாத்திரத்திலே ஏறிவிடுகிறது. பேச்சாளன் என்ற முறையிலே சொல்கிறேன், எனக்கு அந்தக் காட்சிமீது பொறாமை.

இனிப் போலீசின் கதைக்கு வருவோம். அந்தப் போலீசு யாருடைய போலீசு என்று எண்ணுகிறாய்? இட்லருடையதா? அன்று. இட்லர் பதவிக்கு வந்தது 1933 ஜனவரி 30. மோவாபிட் மண்டபத்திலே தடை நடந்தபோது பெர்லினை உள்ளடக்கிய பிரஷ்யாவின் ஆட்சி சமூக ஜனநாயகக் கட்சியார் தலைமையில் இருந்தது. உள்துறை அமைச்சர் கார்ல் செவெரிங், அக்கட்சிக்காரர். பெர்லின் போலீசுத் தலைவர் ஆல்பர்ட் கிரெஸின்ஸ்கி, அக்கட்சிக்காரர். தொழிலாளர் வாக்கிலே வந்தவர்கள்! 1929 மே முதல் நாளிலே தடையை மீறித் தெருவுக்கு வந்த தொழிலாளர்மீது பெர்லின் போலீசு சுட்டு, அடுத்த சில நாட்களிலே 30க்கும் மேற்பட்டோர் மடிந்த கொடுமையும் அவர்கள் காலத்திலேதான். அந்த நகரத்து மக்களின் முன்னே, மே நாள் ஊர்வலத்திலே தொழிலாளர் சுடப்படும் காட்சியை நடித்தால் என்ன ஆகும்? தீ அபாயம் என்றார்களே, அந்தத் தீ எது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஐந்து திங்கள்கூட முழுமையாக ஓடவில்லை. 1932 ஜூலை 20. பாப்பென் என்ற பிரபு, நாட்டின் தலைமை அமைச்சராக இருந்தவர், அவசர ஆணை ஒன்றினால் பிரஷ்ய அமைச்சரவையையே வெளியே தள்ளினார். செவெரிங் வெளியேறினார். கிரெஸின்ஸ்கி கைது செய்யப்பட்டார்! நடிகரை அசையாதே என்ற போலீசின் தலைவரை, அவருடைய அலுவலகத்திலிருந்தே அழைத்துச் சென்றனர். அன்று அவருக்காக வீதிக்கு வரக்கூடியவர் யார்? மோவாபிட் மண்டபங்களிலே இருந்தோரன்றோ! கம்யூனிஸ்டுகள்மீது குற்றமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. சமூக ஜனநாயகத்தையே தலையாய பகை என்று ஏசித் திரிந்தவர்கள் அவர்கள். இரண்டு தரப்பும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டிருந்த நேரத்திலே மூன்றாமவன் வாயிற்படி ஏறினான். 1933 பிப்ரவரி 27 இரவு நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாள் பிரெக்ட் குடும்பத்தோடு நாட்டை விட்டு வெளியேறினார். மே 10 அன்று அவருடைய நூல்கள் தீயிலே போடப்பட்டன. எர்ன்ஸ்ட் புஷ் பின்னர் நாஜிகளிடம் சிக்கிச் சிறையிலே கிடந்து 1945இலே மீண்டார். மார்கரெட் ஸ்டெஃபின் மீளவில்லை. 1941 ஜூன் திங்களிலே மாஸ்கோவில், ஓடிக்கொண்டிருந்த வழியிலேயே, காசநோய் அவரை உண்டது.

நாடகத்தைக் கண்டு அஞ்சுவது அந்நாட்டுக்கு மட்டும் உரிய நோயன்று. வெள்ளையன் 1876இலே இந்த நாட்டுக்கு நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்று இயற்றினான். வெள்ளையன் போனபின், 1954இலே, எம். ஆர். ராதாவின் இராமாயண நாடகம் ஊரெங்கும் புயல் கிளப்பிய காலத்திலே, சென்னை இராச்சியத்தில் அதற்கென்றே புதிதாக ஒரு சட்டம் பிறந்தது. இராமாயணம் நூலாக இருந்தபோது, அதனை விமர்சித்து நூல்கள் வந்தபோது பிறக்காத சட்டம், ராதா மேடையேறியதும் பிறந்தது! இதனை உன் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் இன்னும் சுவையாகச் சொல்வார்கள். ஆகவே நான் விரிக்கவில்லை.

ஆனால், தோழனே, மேடையைத் தடுக்க முனைபவன் எப்போதும் எதிரிதானா? இங்கேதான் நமக்குக் கசப்பான பாடம்.

அதே கார்க்கியை எடுத்துக்கொள். 1913இலே மாஸ்கோ கலை அரங்கினர் தாஸ்தயெவ்ஸ்கியின் புகழ்பெற்ற புதினம் ஒன்றை, பேய் பிடித்தவரைப் பற்றிய பெயர் கொண்ட அந்தப் பெரும் புதினத்தை, 'நிக்கொலாய் ஸ்தவ்ரோகின்' என்ற பெயரிலே மேடையேற்ற முனைந்தனர். புரட்சியாளரைக் கொடியோராகக் காட்டும் கதை அது. காப்ரித் தீவிலே இருந்த கார்க்கி கொதித்தெழுந்து ஏட்டிலே கண்டனம் எழுதினார். தாஸ்தயெவ்ஸ்கியைப் படிக்காதே என்று அவர் சொல்லவில்லை. மேடையிலே ஏற்றாதே என்றார்! நூலிலே இருக்கலாம், மேடைக்கு வரக்கூடாது என்றார். அரங்கத்தார் பணியவில்லை. பதில் எழுதினர், நாடகத்தையும் நடத்தினர். மேடையின் ஆற்றலைக் கார்க்கி அறிந்திருந்தார், போலீசு அறிந்தது போலவே. ஆனால் கார்க்கியின் பக்கம் நான் நிற்க முடியாது. 'தாய்' எழுதிய கைதான் அந்தக் கண்டனத்தையும் எழுதியது என்று எண்ணும்போது நெஞ்சு சுடுகிறது. நாடகத்துக்கு மறுமொழி நாடகமாக இருந்திருக்க வேண்டும். அவருக்கு எழுதத் தெரியாதா என்ன?

'தாய்' நாடகத்துக்கும் தன்னைச் சார்ந்தவராலேயே இடர் வந்தது. ஒன்றன்று, இரண்டு முறை. 1935இலே நியூயார்க்கிலே தொழிலாளர் நாடகக் குழு ஒன்று, தியேட்டர் யூனியன் என்று பெயர், இதனை மேடையேற்றியது. தோழமைக் குழுதான், நல்ல எண்ணந்தான். ஆனால் இப்படி அவையோரை நோக்கிப் பேசினால் நமது மக்கள் ஏற்கமாட்டார்கள் என்று எண்ணி, கண்ணீரும் கதகதப்பும் சேர்த்து வழக்கமான நாடகமாக மாற்றினர். டென்மார்க்கிலே தஞ்சம் புகுந்திருந்த பிரெக்ட் கடல் கடந்து வந்து பார்த்தார். சண்டை மூண்டது. அவரையும் ஐஸ்லரையும் ஒத்திகைக் கொட்டகையிலிருந்தே வெளியேற்றினர்! எழுதியவனை வெளியே நிறுத்திவிட்டு நடத்திய நாடகம் 36 முறை நடந்து ஓய்ந்தது.

இரண்டாம் முறை 1951. பெர்லினிலே பிரெக்ட்டுக்கு இப்போது சொந்தமாக நாடகக் குழு. கிழக்கு ஜெர்மனியிலே ஆட்சி யாருடையது? தொழிலாளரின் பெயரால் நடக்கும் ஆட்சி. ஜனவரியிலே 'தாய்' மீண்டும் மேடையேறிற்று. வைகெல் மீண்டும் தாயானார். புஷ் வேறொரு வேடத்தில். இனி யார் தடுக்கப் போகிறார்கள் என்றுதானே எண்ணுகிறாய்? மார்ச்சுத் திங்களிலே கட்சியின் மத்தியக் குழு கூடிற்று. பிரெட் எல்ஸ்னர் என்ற தலைவர் எழுந்து இந்த நாடகத்தைப் பெயர் சொல்லிக் குறை கூறினார். இது யதார்த்தமா என்று ஐயுற்றார். வடிவத்தின்மீது மோகம் கொண்ட கலை என்ற குற்றச்சாட்டு அக்கூட்டத்தின் பெருங்கணை. 1932இலே கட்டடம் சரியில்லை என்றனர், 1951இலே கலை சரியில்லை என்றனர்! முதல் தடையை எதிர்கொள்ள நெஞ்சுரம் போதும். இரண்டாம் வகைத் தடை வரும்போது எதிரே இருப்பவன் தோழன். நேற்று ஒரே சிறையிலே கஞ்சி குடித்தவன். அவனிடம் எப்படி மறுத்துப் பேசுவது? பிரெக்ட் வேறு நாடகங்களிலே வளைந்து கொடுத்ததுண்டு, திருத்தியதுண்டு. 'தாய்' மேடையை விட்டு இறங்கவில்லை.

இனி நான் சொல்வதாகச் சொன்னதைச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு பேரூரிலே நமது குழுவின் நாடகம். பெயர் வேண்டாம், ஊரின் பெயரும் வேண்டாம். நோட்டீசு அடித்தாயிற்று, கீற்றுப் பந்தல் போட்டாயிற்று. மாலை ஐந்து மணிக்கு ஓர் அதிகாரி வந்தார். கீற்றுப் பந்தல் தீப்பிடிக்கும், அனுமதி இல்லை என்றார். வாதாடினோம், மன்றாடினோம். ஒலிபெருக்கிக்கும் உரிமம் இல்லை என்றார். இரவு எட்டு மணிக்குப் படுதாக்களைச் சுருட்டி வண்டியிலே ஏற்றினோம். ஏறத்தாழ நானூறு பேர் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். கைக்குழந்தையோடு ஒரு தாய், நாடகம் இல்லையா தம்பி என்று கேட்டாள். இல்லையம்மா, தடை போட்டுவிட்டார்கள் என்றேன். சொல்லிவிட்டு வண்டியிலே ஏறிக்கொண்டேன். வழி நெடுக ஆட்சியாளரைத் திட்டிக்கொண்டு வந்தோம். மறுநாள் கண்டன அறிக்கை வெளியிட்டோம். நாங்கள் பெரிய தியாகம் செய்துவிட்டதாக எனக்கு ஒரு நிறைவுகூட இருந்தது!

மோவாபிட் வரலாற்றைப் படித்தது அதற்குப் பின்னர். படித்த அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. பந்தல்தானே வேண்டாம் என்றார்? பந்தலுக்கு வெளியே வானம் இருந்ததே! ஒலிபெருக்கிதானே கூடாது என்றார்? எங்கள் தொண்டை எங்கே போயிற்று? படுதா வண்டியிலே ஏறியபோது நாடகமும் கூடவே ஏறிவிட்டதாக எண்ணினோமே, அதுதான் எங்கள் பிழை. அந்தத் தாய் கேட்டதற்கு, இருக்கிறது அம்மா, உட்காருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது நமது குழு 'தாய்' புதினத்தை நாடகமாக்கி ஒத்திகை பார்த்து வருகிறது. பிரெக்ட்டின் நாடகத்தைப் பெயர்த்து எழுதவில்லை. கார்க்கியின் நூலிலிருந்து நாமே ஆக்கியது. கஞ்சிப் பானை இருக்கிறது, இரயில் நிலையத்துப் பெட்டியும் இருக்கிறது. முதற்பகுதியிலே, மகனைத் தேடி வரும் தோழர்களைத் தாய் வெறுக்கிறாள், அஞ்சுகிறாள், இவர்கள் என் பிள்ளையைக் கெடுக்க வந்தவர்கள் என்று ஏசுகிறாள்.

ஒத்திகைக்கு வந்திருந்தார் நம்மவர் ஒருவர். மூத்தவர், பலமுறை சிறை கண்டவர், நான் அண்ணன் என்று அழைப்பவர். எல்லாம் நன்று, அந்த ஏச்சை மட்டும் வெட்டிவிடு என்றார். கழகத்துக்காரனை ஒரு தாய் தன் வாயால் வீணன் என்பதா, அதை நாமே நம் மேடையிலே போடுவதா, நாளைக்கு எதிரி எடுத்துப் பேசமாட்டானா என்று கேட்டார். தொடக்கத்திலேயே தாயைக் கொடியோடு நிறுத்திவிடு, கைதட்டலுக்குக் கைதட்டலும் ஆயிற்று என்றார்.

அண்ணன் சொல்லைத் தட்டிப் பழக்கமில்லை எனக்கு. இரண்டு நாள் எழுதிப் பார்த்தேன். வெட்டிப் பார்த்தேன். தொடக்கத்திலேயே கொடி பிடித்த தாய், முடிவிலும் கொடி பிடித்து நிற்கிறாள். நடுவிலே இரண்டரை மணி நேரம் அவளுக்கு வேலையே இல்லை! ஏசியவள் மாறினால்தானே, எதிரே பாயிலே உட்கார்ந்து நம்மை ஏசிக்கொண்டிருப்பவளும் மாறுவாள்? கழகத்திலே சேரப்போகிறேன் என்று சொன்ன நாளிலே உன் வீட்டிலே உன் தாய் உன்னை வாழ்த்தினாளா, தோழனே? நெஞ்சைத் தொட்டுச் சொல்! கல்லூரிப் படிப்பை நான் பாதியிலே விட்டு வந்தபோது என் தாய் எங்கள் வட்டச் செயலாளரைத் தெருவிலே நிறுத்திக் கேட்ட கேள்விகளை இந்த ஏட்டிலே அச்சிட முடியாது. அதே தாய் பின்னர், நான் சிறையிலே இருந்த பதினோரு நாளும், அந்தச் செயலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சேர்த்து உலை வைத்தவள். முதலாவதை வெட்டிவிட்டு இரண்டாவதைக் காட்டினால் யார் நம்புவார்கள்? நானே நம்பமாட்டேன்.

அண்ணனிடம் போய்ச் சொன்னேன். வெட்ட முடியவில்லை என்றேன். நீண்ட நேரம் பேசவில்லை அவர். பிறகு, எப்போது நாடகம் என்று கேட்டார். அவ்வளவுதான். சினமா, இசைவா, எனக்கு இன்னும் விளங்கவில்லை.

உனக்கு ஒரு வேலை தருகிறேன். உன் ஊர்ப் படிப்பகத்திலே 'தாய்' இருக்கிறதா பார். இல்லையேல் வாங்கி வை. மாலை வேளையிலே நான்கு தோழர்கள், கட்டாயம் இரண்டு பெண்கள், நான்கு நாற்காலி. ஒருவர் தாயின் பேச்சைப் படிக்கட்டும், ஒருவர் மகனின் பேச்சை. வேடம் வேண்டாம், விளக்கு வேண்டாம், உரிமம் கேட்டு எவரிடமும் கைகட்டி நிற்க வேண்டாம். முதல் நாள் பத்துப் பேர் வருவார்கள். ஏசும் பகுதி வரும்போது வாசற்படியிலே நிற்கும் அம்மையாரின் முகத்தைக் கவனித்து எனக்கு எழுது. அதை வைத்து நான் காட்சியைத் திருத்த வேண்டியிருக்கிறது.

ஹெலெனே வைகெல் அந்த வேடத்தை விடவில்லை. 31 வயதிலே ஏற்றார். 1971 ஏப்ரலிலே, பாரிஸ் நகரை ஒட்டிய நான்தேரிலே, 70 வயதிலே, அதே தாயாக மேடையிலே நின்றார். அவர் கடைசியாக நடித்தது அதுதான். மே 6 அன்று மறைந்தார்.

நமது அரங்கேற்றம் அடுத்த திங்கள், கீற்றுப் பந்தலிலேதான். அனுமதி மனு போயிருக்கிறது. விடை வரவில்லை. நாற்காலிகள் ஆறு தனியே எடுத்து வைத்திருக்கிறோம், படுதா இறங்க நேர்ந்தால் உட்கார. ஏழாவது நாற்காலி முன்வரிசையிலே, அண்ணனுக்கு.